கலங்கல் எங்கேப்பா?

சென்னையில் இருக்கிற எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு அண்ணா நகர் கதை உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். தாத்தாவோ, பெரியப்பாவோ, ஒன்றுவிட்ட மாமாவோ... யாராவது ஒருத்தரிடம் யாராவது ஒருத்தர் வந்து, ‘அண்ணா நகர்ல ஒரு கிரவுண்டு வருது, வாங்கிப் போடுங்க’ என்று சொல்லியிருப்பார். இவரும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, ‘சாயங்காலம் ஆறு மணிக்கே நரி ஊளையிடுது. மனுஷன் இருப்பானா அங்கே?’ என்று திரும்பி வந்திருப்பார்.

எங்கள் குடும்பத்தில் அந்த மகானுபாவர் என் பெரியப்பா. துறைமுகத்தில் குமாஸ்தா. 1968-ல் அங்கே வர்த்தகக் கண்காட்சி நடந்து, சுற்றிச் சுற்றி ஏறுகிற அந்தக் கோபுரத்தைக் கட்டினார்கள் இல்லையா, அப்போது போய் உச்சி வரை ஏறிப் பார்த்திருக்கிறார். கோபுரம் பிடித்திருக்கிறது. மேலேயிருந்து தெரிந்த மனை பிடிக்கவில்லை. அவ்வளவுதான், போச்சு! அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் குடும்பம் கூடும்போதெல்லாம் பெரியம்மா அந்த ஒரு கிரவுண்டின் அந்த வருஷத்து விலையை அறிவிப்பார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு சர்க்கரைப் பொங்கலை விழுங்குவார்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எங்கே காலி மனையைப் பார்த்தாலும், ‘இது நாளைக்கு அண்ணா நகர் ஆயிட்டா?’ என்று பகீரென்கும். அந்த வியாதியோடு, மேற்கு மாம்பலத்தில் வருஷத்துக்கு ஒரு முறை வாடகை ஏறுகிற ஒண்டுக்குடித்தனத்தில், ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு பி.காம். பட்டம் இவற்றுடன் 36 வயது வரை காலம் தள்ளிவிட்டேன்.

வந்துவிட்ட ஏரியாவில் நம்மால் வாங்க முடியாது. வரவே வராத ஏரியாவில் வாங்கப் பயம். நடுவில் ‘வரப்போகிற ஏரியா’ என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், மத்தியதர வர்க்கம் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக அலைகிறது. 2024 தீபாவளி முடிந்த ஞாயிறன்று நாங்களும் அந்த ஜோதியில் கலந்தோம். வண்டலூர், கிளாம்பாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி... ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும்.

கிளம்புவதற்கு முன்னால் ஆடிட்டர் நண்பனுக்கு போன் போட்டு, “ஜி.எஸ்.டி. ரோட்ல வீடு வாங்கினா ஜி.எஸ்.டி. உண்டாடா?” என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஆடிட்டர்கள் சிரிப்பதில்லை. “கட்டி முடிச்சு நிறைவுச் சான்றிதழ் வாங்கின வீடுன்னா கிடையாது. கட்டிக்கிட்டிருக்கிற வீடுன்னா அஞ்சு பர்சன்ட். நாப்பத்தஞ்சு லட்சத்துக்குள்ள, சின்ன வீடா இருந்தா ஒரு பர்சன்ட்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ரோட்டின் பெயர் வெள்ளைக்காரன் வைத்தது. தெற்கே போகிற பெரிய சாலை என்று அர்த்தம். வரி வந்தது 2017-ல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றாலும் இரண்டிலும் மாட்டினால் சீக்கிரம் வெளியே வர முடியாது.

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால், சென்னை எப்படி வளர்ந்தது என்று ஜன்னல் வழியாகவே படித்துக்கொண்டு போகலாம். தோல் தொழிற்சாலை இருந்ததால் குரோம்பேட்டை. காசநோய்க்காரர்களைச் சுத்தமான காற்றுக்காக ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்ததால் தாம்பரம் சானடோரியம். 1931-ல் பீச்சிலிருந்து மின்சார ரயில் விட்டபோது தாம்பரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு அப்பால் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். 1985-ல் மிருகக்காட்சி சாலையைப் பார்க் டவுனிலிருந்து தூக்கி வண்டலூரில் வைத்தார்கள். சிங்கம் புலியெல்லாம் போய் நாற்பது வருஷம் கழித்து, பின்னாலேயே நாங்கள் போகிறோம்.

ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் வீடு பார்க்கப் போகிறவர்தான். கையில் இருந்த பிளாஸ்டிக் ஃபைலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். அவரும் என் ஃபைலைப் பார்த்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பெண்ணைப் பார்க்கப் போகிற இரண்டு மாப்பிள்ளைகள் மாதிரி ஒரு சங்கடம்.

இந்தப் பக்கத்துக்குத் திடீர் மவுசு வந்ததற்குக் காரணம் பஸ் ஸ்டாண்டு. பாரிமுனையில் இருந்த வெளியூர் பஸ் ஸ்டாண்டை 2002-ல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனபோது, ‘கோயம்பேடா? அங்கே போய் பஸ் ஏறுவதற்குள் ஊருக்கே போயிடலாமே’ என்றார்கள். 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புதுசைத் திறந்தபோதும் அதே பேச்சு. வார்த்தைகூட மாறவில்லை. ஆனால் கோயம்பேட்டைச் சுற்றி விலை ஏறின கதையைப் பார்த்தவர்கள் இந்தத் தடவை பேச்சோடு நிற்கவில்லை. பஸ் வருவதற்கு முன்பே போர்டு வந்துவிட்டது. பனைமரத்தில் போர்டு, கரண்ட் கம்பத்தில் போர்டு, ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகைக் கதவே ‘அழகிய 2 பி.எச்.கே.’ பேனராக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ஒரு புரோக்கர் தம்பி காத்திருந்தான். இருபத்தைந்து வயது, இரண்டு போன், ஒரு பைக். எங்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு முன்னால் பைக்கில் போய்க்கொண்டே கையை நீட்டி நீட்டிக் காட்டினான். ‘மெட்ரோ வரப்போகுது சார்!’ ‘கிளாம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் கட்டிக்கிட்டிருக்காங்க சார்!’ ‘அந்தப் பக்கம் மால் வரப்போகுது சார்!’

என் மனைவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப என்னப்பா இருக்கு?” என்றாள்.

தம்பி ஒரு நிமிஷம் யோசித்தான். “இப்ப... அமைதி இருக்குக்கா.”

தூரத்தை இவர்கள் கிலோமீட்டரில் சொல்வதில்லை. நிமிஷத்தில்தான். பஸ் ஸ்டாண்டுக்கு ஏழு நிமிஷம், ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷம், தாம்பரத்துக்குப் பதினைந்து நிமிஷம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் போனால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எந்த ஊர், எந்த ஏரி என்று எழுதமாட்டேன். எழுதினால் அங்கே ஏற்கெனவே வீடு வாங்கினவர்கள் என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, நாலு மாடிக் கட்டடம், புதுசு, மூன்றாவது மாடி, 1,010 சதுர அடி, 54 லட்சம். 1,010 என்பது சொல்வதற்கு. உள்ளே பாய் விரித்துப் படுக்க முடிகிற இடம் 735. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி இந்த உள்ளளவைத்தான் சொல்லி விற்க வேண்டும். தம்பி அதை ஒரு சின்னக் காகிதத்தில், சின்ன எழுத்தில், கேட்ட பிறகு காட்டினான். “மீதி 275 எங்கேப்பா?” என்றால், “லிஃப்ட்டு, மாடிப்படி, வெளிச்சுவரு, காமன் ஏரியா சார்” என்றான். லிஃப்ட்டில் நின்றபோது, இதில் ஓர் அரை சாண் நம்முடையது என்று ஒரு பெருமிதம் வந்தது.

பால்கனிக் கதவைத் திறந்தான். ஏரி!

மழைக்காலத்து ஏரி. முக்கால்வாசி தண்ணீர். நடுவில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. கொக்குகள் வரிசையாக, ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி. மாம்பலத்தில் எங்கள் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரர் பல் தேய்ப்பதுதான் தெரியும். என் மனைவி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே பேசாமல் நின்றாள். பத்து நிமிஷம் கழித்து சமையலறைக்குப் போய், ஒரு மூலையைக் காட்டி, “ஃபிரிட்ஜை இங்கே வெச்சுக்கலாங்க” என்றாள்.

ஃபிரிட்ஜுக்கு இடம் சொல்லியாகிவிட்டது என்றால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கே 25,000 டோக்கன் கொடுத்தேன். டிசம்பர் 31 வரைக்கும் இந்த விலை, அதற்குப் பிறகு ஏறிவிடும் என்றார்கள்.

பத்திரங்களை வக்கீல் நண்பரிடம் கொடுத்தேன். மூலப்பத்திரம், பட்டா, அனுமதி வாங்கின பிளான், நிறைவுச் சான்றிதழ், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழ். (வில்லங்கம் இல்லை என்று சொல்வதற்கு வில்லங்கச் சான்றிதழ் என்று பெயர் வைத்தவரை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன்.) எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, தாராளமாக வாங்கலாம் என்றார்.

பணக் கணக்கை நான் போட்டேன். அதற்குத்தானே பி.காம். 40 லட்சம் கடன், எட்டரை சதவீதம், இருபது வருஷம். மாசத் தவணை 34,713. இருபது வருஷம் கட்டினால் மொத்தம் 83 லட்சத்துச் சொச்சம். அசல் 40, வட்டி மட்டும் 43! தலையைவிட வால் பெரிசு. ஆனாலும் வாங்குகிறோம், ஏனென்றால் வாடகைக்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது.

மீதி 14 லட்சமும் பத்திரச் செலவும்? அங்கேதான் அப்பா வருகிறார்.

அப்பாவுக்கு உத்திரமேரூர் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நன்செய். அதில் 75 சென்ட்டை விற்றுத் தருகிறேன் என்று அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்காமல் கொடுக்கிறவர்களிடம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று வாங்கினவர்களுக்குத் தெரியும். “நாளைக்கு நீ வந்து உழப் போறதில்ல. பாப்பாவுக்கு ஒரு கூரை இருக்கட்டும்” என்றார். பக்கத்து நிலத்துக்காரர் அட்வான்சும் கொடுத்துவிட்டார்.

“அந்த வீட்ல நமக்கு எவ்ளோடா நிலம்?” என்று போனில் கேட்டார்.

அடுக்குமாடியில் நிலம் தனியாக வராது, பிரிபடாத பாகம் என்று பத்திரத்தில் எழுதுவார்கள் என்று விளக்கினேன். “430 சதுர அடிப்பா.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மனசுக்குள் கணக்குப் போடுகிறார். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி.

“ஒரு சென்ட்கூட இல்லியே” என்றார்.

இரண்டு வாரம் கழித்து வீட்டைப் பார்க்க வந்தார். வேட்டி, தோளில் துண்டு, ரப்பர் செருப்பு. வருகிற வழியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லேக் வியூ ரோட்டுப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஏரி எங்கடா?” என்று கேட்டார். ஏரி இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஏரி என்பது சாதாரண விஷயம் இல்லை. அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊருக்கு வருகிற வி.ஐ.பி.க்கள் எல்லாரும் தேர்தலைப் பற்றித்தான் பேசுவார்கள். அப்பா மட்டும், “அதுல ஏரி வாரியம்னு ஒண்ணு போட்டிருக்குது, அதை எவனும் படிக்கிறதில்ல” என்பார். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆயிரத்துநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கமிட்டி!

புரோக்கர் தம்பி அப்பாவைப் பார்த்ததும் பரம உற்சாகமாகிவிட்டான். பால்கனிக்கு அழைத்துப் போய், “பாருங்க ஐயா... சூப்பர் ஏரியா!” என்றான்.

அப்பா வெளியே பார்த்தார். “ஏரியாவா? ஏரிதான்ப்பா” என்றார். அப்புறம், “கலங்கல் எங்கேப்பா?” என்றார்.

“கலங்கலா? அதெல்லாம் வரவே வராது ஐயா. போர் தண்ணி கண்ணாடி மாதிரி வரும். மேல ஆர்.ஓ.வும் போட்டிருக்கோம்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஏரிக்கு மதகு என்று ஒன்று உண்டு, அது பாசனத்துக்குத் தண்ணீர் விட. கலங்கல் என்று இன்னொன்று உண்டு, அது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போக. கரையைவிடத் தாழ்வாகக் கல்லில் கட்டியிருப்பார்கள். யாரும் திறக்க வேண்டாம், மூட வேண்டாம். நிரம்பினால் வழியும். வழிகிற தண்ணீர் ஒரு வாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். செங்கல்பட்டுச் சீமையில் இப்படி ஏரிக்கு ஏரி மாலை கோத்த மாதிரி கோத்துவைத்திருக்கிறார்கள். ஏரிகள் மாவட்டம் என்ற பெயர் சும்மா வரவில்லை.

அப்பா லிஃப்ட்டில் இறங்கி, கரை மேல் ஏறி நடக்க ஆரம்பித்தார். நானும் என் மனைவியும் பின்னால். தம்பி ஷூ அழுக்காகிவிடுமே என்று தயங்கித் தயங்கி வந்தான். சீமைக் கருவேல முள்ளுக்கு நடுவே, பிளாஸ்டிக் பைகளும் காலி பாட்டில்களுமாக, கலங்கல் அகப்பட்டது. கருங்கல், இன்னும் அசையாமல் இருந்தது. அப்பா அதன் மேல் உட்கார்ந்து கீழே பார்த்தார். கீழே இருபதடி அகலத்தில் ஒரு வாய்க்கால் புறப்பட்டது. ஐம்பது அடி போனதும் அது பத்தடி. ஒரு காம்பவுண்டுச் சுவரைத் தாண்டினதும் நாலடி. அப்புறம் ரோட்டுக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய். குழாய் முடிகிற இடத்தில் ஒரு தெரு. தெருவின் கடைசியில் எங்கள் கட்டடம்.

அப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டினார். கோலிக் குண்டு மாதிரி உருண்டது. “நன்செய்டா இது” என்றார்.

அன்று ராத்திரி மூலப்பத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாலாம் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தது: ‘நன்செய்’. வக்கீலும் படித்திருக்கிறார். அதற்கப்புறம் முறைப்படி மனையாக மாற்றி, முறைப்படி அனுமதி வாங்கி, முறைப்படி கட்டியிருக்கிறார்கள். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஏரிக்குக் கீழே வயலாக இருந்த இடம், அவ்வளவுதான்.

தெருவில் திரும்பி வரும்போது, அதுவரை என் கண்ணில் படாததெல்லாம் பட ஆரம்பித்தது. பழைய வீடுகளில் எல்லாம் ரோட்டிலிருந்து படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு ஏறியிருக்கிறது, வீடு அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வீட்டை மட்டும் அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, லாரிக்கு டயர் மாற்றுகிற மாதிரி, அப்படியே மூன்றடி தூக்கிக்கொண்டிருந்தார்கள். காலேஜ் காம்பவுண்டு கணக்காக எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. முதல் தடவை வந்தபோது அதை ஏதோ டிசைன் என்று நினைத்துவிட்டேன்!

முனையில் டீக்கடை. கடைக்கார அம்மாவிடம் அப்பா சாவகாசமாகப் பேச்சுக் கொடுத்தார். “போன வருஷம் புயல்ல எவ்ளோம்மா வந்துச்சு?” 2023 டிசம்பர், மிக்ஜாம். அந்தம்மா கரண்டியோடு கையை இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினார். “பதினஞ்சுல?” கை நெஞ்சுக்குப் போயிற்று. அந்த 2015 டிசம்பரில்தான் அடையாறு கரை புரண்டு, முடிச்சூர், வரதராஜபுரமெல்லாம் படகு விட்டார்கள்.

“நீங்க எத்தினியாவது மாடி?” என்று கேட்டார் அந்தம்மா.

“மூணாவது.”

“அப்ப ஒண்ணுமில்ல. கார்த்திகை பொறந்ததும் அரிசி, பருப்பு, மெழுகுவத்தி வாங்கி வெச்சுக்குங்க. காரை மட்டும் ஜி.எஸ்.டி. ரோட்டாண்ட உட்டுடுங்க.”

ரயிலில் திரும்பும்போது நான் வாதாடினேன். பி.காம்.காரன் விட்டுக்கொடுப்பானா? “அப்பா, தி.நகரே ஏரிதான். 1920-கள்ல மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத்தான் ஊரை உண்டாக்கினாங்க. வள்ளுவர் கோட்டம் இருக்கிற இடம் ஏரி. ஏரின்னு பாத்தா சென்னையில யாருமே வீடு வாங்க முடியாது.”

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்த ஏரி செத்துப்போச்சுடா. இது உசிரோட இருக்குது.”

பல்லாவரம் வரை யாரும் பேசவில்லை. பிறகு என் மனைவி, என்னைப் பார்த்து, ஆனால் அவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “மாம்பலத்துல சப்வே ரொம்பலியாங்க? எங்கதான் தண்ணி வரல? குறை சொல்லணும்னா எல்லா வீட்டுக்கும்தான் இருக்கும்.” அவள் குரல் சாதாரணமாக இல்லை. பதினொரு வருஷமாக எதிர் வீட்டுக்காரர் பல் தேய்ப்பதைப் பார்த்தவள். ஒரு கொக்கைப் பார்த்துவிட்டாள். அதை யாரோ பிடுங்குகிறார்கள்.

அப்பா, “நான் நிலத்தை விக்கிறேன்னு சொன்னது சொன்னதுதாம்மா. எந்த வூடுன்னு நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சை லேசாக்குவதற்காகவோ என்னவோ, “நன்செய்யை வித்து நன்செய்யையே வாங்குறோம், அதுல நெல்லு மட்டும் வெளையாது” என்று சிரித்தார். சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

அந்தப் பத்து நாள் எங்கள் வீட்டில் நிலவின அமைதி, புரோக்கர் தம்பி சொன்ன அமைதியைவிடப் பெரிசு. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. உப்பு சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 30 சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல். நாள் பூராவும் கொட்டித் தீர்த்துவிட்டு, ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் சாயங்காலம் மழை விட்டதும் என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்” என்றாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

டீக்கடை வரை நடந்தோம். அதற்கு மேல் தெரு இல்லை, தண்ணீர்தான். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. பெரிய வெள்ளம் என்று சொல்ல முடியாது. பேப்பரில் வராது. கலங்கல் பக்கமிருந்து ஒரே சீராக, கொதிக்கிற உலை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. எங்கள் கட்டடம் கம்பீரமாக நின்றது. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு ஸ்கூட்டர் ஹேண்டில்பார் மட்டும் தெரிந்தது. லிஃப்ட் நிறுத்திவிட்டார்கள். கரண்ட் இல்லை. ஏற்கெனவே குடிவந்திருந்த ஒருத்தர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரில் வந்தார். “இதெல்லாம் ஒண்ணுமில்ல சார். வருஷத்துக்கு மூணு நாள். வீட்டுக்குள்ள சொட்டுத் தண்ணி வரல. மத்த 362 நாளும் சொர்க்கம்” என்றார். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

என் மனைவி அவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து இரண்டாவது மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்கனியில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண். ஒரு கையால் கயிறு விட்டு, ஒரு பக்கெட்டை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கெட்டில் பால் பாக்கெட். பாதி வழியில் பக்கெட் முதல் மாடி ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது. அவள் குழந்தையைக் கீழே விடவும் முடியாமல், கயிற்றை விடவும் முடியாமல் நின்றாள். முதல் மாடிக்காரர் கை நீட்டி எடுத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

“போலாங்க” என்றாள்.

டோக்கனைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். கம்பெனிச் சட்டத்தில் 72 மார்க் வாங்கினவன் ரசீதின் பின்பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! நாலு தடவை நடந்து, 10,000 திரும்பி வந்தது.

2025-ல் நாங்கள் வாங்கினது வண்டலூர் பக்கம், மலையடிவாரத்துக்குக் கிட்டே, மேட்டில். பன்னிரண்டு வருஷத்துப் பழைய கட்டடம், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உள்ளளவு 590 சதுர அடி. பழைய வீடு என்பதால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் பத்திரத்துக்கே போயிற்று. ஃபிரிட்ஜ் சமையலறைக்குள் நுழையவில்லை, ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து சின்டெக்ஸ் டாங்க் தெரியும். என் மனைவி அதில் எப்போதாவது காக்கா உட்கார்ந்தால், “கொக்கு வந்திருக்கு பாருங்க” என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னும் பல வருஷம் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

பிரிபடாத பாகம் 452 சதுர அடி. அப்பாவிடம் சொன்னபோது, “ஒரு சென்ட்டுக்கு மேல” என்றார். 75 சென்ட்டும் போய்விட்டது. வாங்கினவர் அந்த வருஷம் அதில் உளுந்து போட்டிருக்கிறார், நன்றாக வந்திருக்கிறதாம்.

புரோக்கர் தம்பி இன்னமும் வாட்ஸ்அப்பில் வணக்கம் வைக்கிறான். அந்த மூன்றாவது மாடி வீடு நாங்கள் விட்ட பிறகு நாலு லட்சம் ஏற்றி விற்றுவிட்டதாகவும், எனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்றும் எழுதியிருந்தான். வாங்கினவர் மழைக்கு முன்னால் வந்து பார்த்தாரா, பின்னால் வந்து பார்த்தாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆவணியில் கிரகப்பிரவேசம். பெரியப்பா எண்பத்திரண்டு வயசில் இரண்டு மாடி ஏறி வந்தார். ராத்திரி எல்லாரும் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். விடியற்காலை நாலரை மணிக்கு, மிருகக்காட்சி சாலைப் பக்கமிருந்து, அடிவயிற்றிலிருந்து கிளம்பின மாதிரி ஒரு கர்ஜனை. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“என்னடா அது?”

“சிங்கம் பெரியப்பா. தினமும் கத்தும்.”

அவர் இருட்டில் பெரியம்மாவைத் தட்டி எழுப்பினார்.

“கேட்டியா? நரி ஊளையிட்டதுக்கு நான் வேணாம்னு வந்தேன். இவன் சிங்கம் கத்துற எடத்துல வாங்கியிருக்கான்!”

பெரியம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “இங்க கிரவுண்டு என்ன வெலை போவுது?”